அடுத்த வருஷத்துச் சட்டை

ஃபேஷன் பற்றி எழுதப்போகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட 'எழுதப்போகிறேன்' என்கிற பாதியைக் காதில் வாங்கியதில்லை. முதல் பாதியே அவர்களுக்குப் போதும். "அப்புடியா கண்ணு! அப்ப நம்ம ஊட்டுக் கலியாணத்துக்கு ஜாக்கெட்டெல்லாம் நீயே தெச்சுக் குடுத்துப்போடு" என்பார்கள். தைக்கிறதில்லைங்க, எழுதறதுங்க என்பேன். எதை என்று கேட்பார்கள். துணியைப் பத்திங்க என்பேன். "துணியைப் பத்தி எழுத என்ன கண்ணு இருக்குது? உடுத்தறதுதானே?" அதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்குத்தான் அன்றைக்குப் பந்தியில் வைத்த பாயசம்கூட ருசிக்காது.

அப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் ஃபேஷன் டிசைன் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சோமனூரில். காலையில் ஒரு பஸ் பிடித்துக் காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். ஃபேஷன் படித்தால் அதைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நம்பித்தான் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தது காலர் வைக்க, ஜிப் வைக்க, துணியில் நூலோட்டம் பார்க்க. நான் வைத்த காலர் எதுவும் ஒரு கழுத்திலும் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. ஒருநாள் துறையில் ஒரு மேடத்திடம் எழுத்து ஆசையைச் சொன்னேன். அவர் என் கையில் இருந்த சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அம்மணி, எழுதோணும்னா ரெக்கார்டு நோட்டு பாக்கி கெடக்குது பாரு, அதை எழுது. பொறவு இந்தக் காலரைப் பிரிச்சு மறுபடி வை" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்பா திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் விரித்து, புரட்டி, ஓட்டை, கறை, கோணல் இருந்தால் ஒதுக்கிவைக்கிற பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. என்னை ஃபேஷன் படிப்பில் சேர்க்க அவர் ஒப்புக்கொண்டதே, மூன்றாம் வருஷம் முடிந்ததும் அதே கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு ஏற்றிவிடலாம் என்ற கணக்கில்தான். எழுதப்போகிறேன் என்று நான் அடம்பிடித்தபோது அவர் கத்தவில்லை. "ஒண்ணாவது உன்ற பேருபோட்டு வெளிய வரட்டும் கண்ணு. அப்ப நானே உன்னைய மெட்ராஸ்ல கொண்டுபோயி உடறேன். வரலைன்னா கம்முனு கம்பெனிக்கு வந்துரோணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஒன்றே ஒன்றுதானே, அது வராமலா போய்விடும் என்ற திமிர்.

வரவில்லை. சென்னையில் ஓர் இணையப் பத்திரிகைக்கு எழுதி எழுதி அனுப்பினேன். நைட்டிக்குமேல் துண்டு போடுவது பற்றி ஒன்று எழுதியிருந்தேன். வாசலில் பால் வாங்க ஒரு குற்றாலத் துண்டு, தெருமுனைக் கடைக்கு என்றால் துப்பட்டா, அதற்கும் தூரம் என்றால் நைட்டிக்குமேல் வீட்டுக்காரர் சட்டை. இதற்கு யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண்கூட அதைத் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. இதைவிட நுணுக்கமான உடை ஒழுங்கு எந்த ராஜா வீட்டில் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. ஆசிரியர் அம்மா போனில் கூப்பிட்டே பேசினார். "ஜாலியா இருக்குமா. ஆனா நம்ம ரீடர்ஸ் நைட்டியப் பத்தி படிக்க வரமாட்டாங்கம்மா, அவங்களே அதைப் போட்டுட்டுத்தான் படிக்கிறாங்க. கொஞ்சம் கனவு மாதிரி ஏதாவது குடேன்" என்றார். கனவுக்கு நான் எங்கே போவேன்? ஒரு சினிமா நடிகையின் விமான நிலைய உடையைப் பார்த்து ஒன்று எழுதினேன். அது வேறு பத்து இடத்தில் வந்துவிட்டதாம். பிறகு ஒருநாள் அவரே அலுத்துப்போய், "உங்க ஊர்ல மட்டும் இருக்கிற மாதிரி ஒண்ணு யோசிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் மட்டும் என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவும் பீஸ்.

எங்கள் பக்கத்தில் பீஸ் என்றால் திருப்பூரில் ஒதுக்கப்பட்ட சட்டை. கையில் சின்ன ஓட்டை இருக்கும், அல்லது படம் ஒருபக்கம் சாய்ந்து அச்சாகியிருக்கும். கழுத்தில் கம்பெனி லேபிளை மட்டும் கத்தரித்துவிட்டு வீட்டுக்கு வீடு வந்துவிடும். தீபாவளி, பொங்கல் நோம்பிக்குப் பட்டும் வேட்டியும் கடையில் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் பீஸ்தான். பேர் தெரியாத கடற்கரையின் படத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு என் மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டுவார். 'நான் மணப்பெண்ணின் தோழி' என்று ஆங்கிலத்தில் எழுதிய ரோஸ் பனியனோடு ஒரு பெரியவர் வாழைத்தார் ஏற்றுவதை அவினாசி ரோட்டில் நானே பார்த்திருக்கிறேன். விஷயம் அதுவல்ல. வெளிநாட்டில் அடுத்த வருஷக் கோடைக்குப் போடப்போகிற சட்டை திருப்பூரில் இந்த வருஷமே தைத்து முடிந்துவிடும். ஆக, அங்கே பத்திரிகைகளில் 'இந்தக் கோடையின் நிறம்' என்று பளபளவென்று போடும்போது எங்கள் வீட்டில் அந்த நிறம் வெளுத்து, கிழிந்து, அடுப்பில் பாத்திரம் இறக்குகிற கரித்துணி ஆகியிருக்கும். உலகத்திலேயே ஃபேஷனில் ஒரு வருஷம் முன்னால் இருக்கிற ஆட்கள் நாங்கள்தான். அதை யாரும் எழுதவில்லை. மாடியிலேயே உட்கார்ந்து முதல் பத்தியைப் போனில் அடித்துவிட்டேன்.

படம் வேண்டுமே. காங்கேயத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறாள். சிமெண்டுக் களத்தில் கொப்பரை காயப்போட்டு, கிளறி, பொறுக்குகிற வேலை. வெயிலுக்காகச் சேலைக்குமேல் ஒரு சட்டை போட்டுக்கொள்வாள், தலையில் துண்டு. அப்பா கடைசியாகக் கொண்டுவந்த பீஸ்களில் ஒன்று அவளுக்குப் போயிருந்தது. நன்னாரி சர்பத்தில் தண்ணீர் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். நெஞ்சில் பாதியாக வெட்டிய எலுமிச்சம்பழம் ஒன்று, கீழே ஏதோ பாஷையில் இரண்டு வார்த்தை. பழம் இடதுபக்கம் சாய்ந்துவிட்டதால் ஒதுக்கிவிட்டார்கள். சாய்ந்ததுதான் அழகே.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அத்தை களத்தில் நின்றிருந்தாள், அதே சட்டை, கையில் கொப்பரை கிளறுகிற பலகை, பின்னால் வெள்ளை வெளேரென்று காய்கிற தேங்காய்ப் பருப்பு. எனக்குக் கை பரபரத்தது.

"ஏனுங்கத்தை, அப்புடியே நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"இப்புடியேவா? அட கெரகமே! இரு கண்ணு, ஊட்டுக்குப் போயி நல்ல சேலையா ஒண்ணு கட்டிக்கிட்டு வாரேன்."

"வேண்டாமுங்கத்தை. இந்தச் சட்டைதான் வேணும். பத்திரிகையில வரப்போகுதுங்க."

அத்தை பலகையைக் கீழே போட்டுவிட்டாள். "பத்திரிகைலயா? இந்த அழுக்கு அங்கராக்கோடயா? ஏன் கண்ணு, அத்தைய ஊரு சிரிக்கோணுமா உனக்கு?"

பக்கத்தில் கொப்பரை பொறுக்கிக்கொண்டிருந்த அக்காமார் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "போட்டுக்கிட்டு நில்லுக்கா, உனக்கென்ன கொறச்சல்" என்றாள். இன்னொருத்தி, "தலையிலாச்சும் பூ வெச்சுக்க" என்றாள். நான் எல்லோருக்கும் சேர்த்து விளக்கினேன். இந்தச் சட்டை வெளிநாட்டில் இன்னும் யாருமே போடவில்லை, அடுத்த வருஷம்தான் கடைக்கு வரும், அத்தைதான் முதல். அத்தை நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நெசமாவா சொல்ற? நல்லாருக்குதா இது?" என்று சட்டையைக் குனிந்து பார்த்தாள். சத்தியமாக நன்றாக இருக்கிறது என்றேன். இதுதான் ஃபேஷன், இதைத்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள் போட்டிருக்கிற மாதிரி வேறு யார் போட்டாலும் இந்த அழகு வராது என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அத்தை துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, முதலில் விறைப்பாக நின்று, பிறகு யாரோ பின்னாலிருந்து கிண்டல் செய்ய, கழுத்தைத் திருப்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எடுத்துவிட்டேன். கிளம்பும்போது, "எப்ப வரும்னு சொல்லிப்போடு கண்ணு. களத்துல எல்லாத்துக்கும் காட்டோணும்" என்றாள்.

படத்தையும் கட்டுரையையும் அனுப்பினேன். ஆசிரியர் அம்மா அன்றைக்கே கூப்பிட்டார். "சூப்பர்மா! அந்த லேடி என்னமா நிக்கிறாங்க! இதைத்தான் இத்தனை நாளா கேட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை போடறோம்." நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "என்ன கண்ணு, பைத்தியம் புடிச்சுப்போச்சா?" என்றாள். பிடித்துத்தான் போயிருந்தது.

அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் போனை நீட்டினேன். ஒன்று வெளியே வருகிறது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். மேலே இருந்த படத்தைப் பார்த்தார். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"கண்ணு, இது இன்னும் கப்பல் ஏறலியே."

எனக்குப் புரியவில்லை. அப்பா மெதுவாகச் சொன்னார். அந்த எலுமிச்சம்பழச் சட்டை இன்னும் கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கிறார்களாம். கடைக்கு வருகிறவரை அதன் படம் எங்கேயும் வெளியாகக்கூடாது என்று வாங்குகிறவர்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஒதுக்கிய பீஸ்களை எண்ணிப் பூட்டிவைக்கவேண்டும் என்பதுதான் விதி. மேனேஜருக்கும் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும், ஆளுக்கு இரண்டு வீட்டுக்குப் போகும் என்று. யாரும் கேட்டுக்கொள்வதில்லை. முன்னொரு தடவை கட்டிங் மாஸ்டர் ஒருவரின் மகன் புதுச் சட்டையோடு வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். அந்த மாஸ்டர் அதோடு வீட்டில்தான் இருக்கிறார்.

"இந்த எலுமிச்சம்பழப் படம் எங்க யூனிட்ல மட்டுந்தான் ஓடுது. யாரு வெளிய உட்டதுன்னு கேட்டா என்னையத்தான் கேப்பாங்க."

"நீங்கதானுங்கப்பா கொண்டாந்தீங்க! ஊரே போட்டுக்கிட்டுத் திரியுதே!"

"போடறது வேற கண்ணு. எழுதிப்போடறது வேற."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம், சந்தைக்குப் போகலாம், களத்தில் நிற்கலாம். நான் நான்கு வரி எழுதினால் மட்டும் குற்றம். படத்தை எடுத்துவிடுகிறேன், எழுத்து மட்டும் வரட்டும் என்றேன். அப்பா வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். மணப்பெண்ணின் தோழி பனியன் போட்ட பெரியவர் வந்த இடத்தில் அப்பா தன்னை மறந்து சத்தமாகச் சிரித்தார். அம்மாவும் வந்து நின்று கேட்டாள். எலுமிச்சம்பழம் வந்தது. "அதை எடுத்துரு" என்றார். சர்பத் நிறம் வந்தது. "நெறமும் வேண்டாம்." காங்கேயம், தேங்காய்க் களம் என்று வந்தது. "அத்தை இருக்கற ஊரு எதுக்கு? எடுத்துரு." அடுத்த வருஷம் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "அதுதானே கண்ணு சிக்கலே." எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், எங்கள் ஊரில் மனிதர்கள் சட்டை போடுகிறார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். போனை மெத்தையில் வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் சிரித்தது வேறு என்னை இன்னும் எரித்தது. நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

படுக்கப்போகும்முன் அப்பா கதவுக்கு வெளியே நின்று, "என்ற வேலை போனா உன்ற படிப்பும்தான் போவும் கண்ணு" என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுகிற குரல் அது. மிரட்டியிருந்தால் அப்படியே வரட்டும் என்று விட்டிருப்பேன்.

வியாழக்கிழமை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, வீட்டில் ஒரு பிரச்சினை, அடுத்த வருஷம் போடலாமா என்று கேட்டேன். "அடுத்த வருஷம் போட்டா அதுல என்னம்மா புதுசு? முன்னாடியே சொல்றதுதானே அதுல விஷயமே" என்றார். இதை அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ளவேண்டுமா? அப்ப வேண்டாமுங்க என்றேன். அவருக்கே பாவமாக இருந்திருக்கவேண்டும். "சரி விடு. நாளைக்கு அந்த இடம் காலியா இருக்கு. காலேஜ் ஃபேர்வெல் வருதுல்ல, அதுக்கு அஞ்சு சேலை, அஞ்சு டிப்ஸ், ராத்திரிக்குள்ள குடுக்க முடியுமா?" என்றார்.

கொடுத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. லினன் சேலைக்கு ஆக்சிடைஸ்டு தோடு, ஆர்கன்சாவுக்கு முழுக்கை ஜாக்கெட், உயரம் குறைந்தவர்களுக்குச் சின்ன பார்டர். எங்கேயும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. 'ஃபேர்வெல் நாளில் அசத்த அஞ்சே அஞ்சு சேலைகள்!' என்று ஆச்சரியக்குறியோடு வெள்ளிக்கிழமை வந்தது. கீழே என் பெயர். நான் நினைத்துவைத்திருந்த மாதிரி நெஞ்சு படபடக்கவில்லை. ஆச்சரியக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி குரூப், சொந்தக்காரர் குரூப், எங்கள் தெருக் குரூப், எல்லாவற்றிலும் அனுப்பிவிட்டார். காந்திபுரத்திலிருந்து ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். மெட்ராஸ் போலாம் கண்ணு" என்றார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டேன். இதற்காகவா நான் அடம்பிடித்தேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டாள். பின்னால் களத்துப் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"கண்ணு, உன்ற அப்பன் அனுப்பிச்சதைப் பாத்தோம். இங்க படிச்ச புள்ள ஒருத்திய உட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். நல்லா எழுதியிருக்கற சாமி. சேலையெல்லாம் ஜம்முனு இருந்துச்சு."

"சரிங்கத்தை."

"நானும் மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். என்ற போட்டோ வரலியே?"

சட்டை வெளியே வந்தது தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று சொன்னால், அது மறுநாளே காங்கேயம் முழுக்கப் பரவும், அங்கிருந்து திருப்பூருக்கு எவ்வளவு தூரம்? இடம் பற்றவில்லை என்று முனகினேன்.

அத்தை குரலைத் தணித்துக்கொண்டாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

"அதனால என்ன கண்ணு, வெசனப்படாத. அந்தச் சட்டையோட நின்னா எப்புடிப் போடுவாங்க? பத்திரிகைக்காரங்க என்ன பண்ணுவாங்க பாவம். நீ சின்னப்புள்ள, ஆசைல சொல்லிப்போட்ட, நானும் பல்லக் காட்டிக்கிட்டு நின்னுபோட்டேன். அடுத்தவாட்டி மின்னாடியே ஒரு போனு போட்டுப்போட்டு வா. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நிக்கறேன்."

சரிங்கத்தை என்றேன்.